மூன்று கால் ஈசல்

எங்கள் வீட்டில் ஒரு ஈசல் இருக்கிறது. மூன்று கால். நின்றால் என் நெஞ்சு வரைக்கும் வரும். ஒரு காலில் மட்டும் கரையான் மருந்து வாடை அடிக்கும். அந்த வாடைக்குக் காரணம் என் வாய்.

படம் வரைகிறவர்கள் கேன்வாஸைச் சாய்த்து நிறுத்துகிற மரச்சட்டத்துக்கு இங்கிலீஷில் ஈசல் என்று பெயர். தமிழில் ஈசல் என்றால் மழை பெய்த மாலையில் டியூப்லைட்டைச் சுற்றிச் சுற்றி வந்து தரையெல்லாம் இறக்கையை உதிர்க்கிற கரையான். மரத்தில் செய்கிற சாமானுக்கு மரத்தைத் தின்கிற பூச்சியின் பெயர். இதைக் கொஞ்சம் யோசித்துவிட்டு வாயைத் திறந்திருக்கலாம். யோசித்துவிட்டு வாயைத் திறக்கிற வழக்கம் எங்கள் பரம்பரையிலேயே கிடையாது.

ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் டூல் ரூம் வேலை எனக்கு. மற்ற இடங்களில் பொருள் செய்வார்கள். டூல் ரூமில் அந்தப் பொருளைச் செய்வதற்கான அச்சையும் பிடிப்பையும் செய்வோம். தலைமுடியை நெடுக்காகப் பிளந்த அளவுக்கு இரும்பைச் சீவுகிற இடம். அதனால் எங்களுக்கெல்லாம் தலைக்கனம் கொஞ்சம் உண்டு. எனக்கு முடி போய்விட்டது, கனம் மட்டும் இருக்கிறது.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரு டிப்ளமோ சர்ட்டிஃபிகேட்டும் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டுமாக இங்கே வந்து இறங்கியவன் நான். மனைவி மண்ணூர்க்காரி. அவளும் ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் நின்றவள்தான். கல்யாணமான புதிதில் ஆசையாக "ஏட்டி" என்று கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்த பார்வையில் இரண்டடி பின்னால் போனேன்.

"எங்க ஊர்ல அது கொஞ்சுறதுட்டி" என்றேன்.

"எங்க ஊர்ல அதுக்குச் செருப்பு" என்றாள்.

இப்போது பழகிவிட்டது. அவளும் கோபம் வந்தால் என்னை "யோவ் டூல் ரூம்" என்பாள். கொஞ்சலுக்கும் அதேதான். குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பிள்ளைப்பாக்கத்தில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருக்கிறோம். கீழே வீட்டுக்கார அம்மா. நிலம் ஃபாக்டரிக்குப் போனபின் கட்டிய வீடு. வாசலுக்குத் தேக்குக் கதவு. அந்தக் கதவைத் தினமும் காலையில் அவர் துடைக்கிற பக்குவத்தைப் பார்த்தால், கதவுக்குக் காது குத்தி முடித்திருப்பார்களோ என்று தோன்றும். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை, அதில் ஒரு மாடு. நிலத்தில் மிச்சம் அந்த மாடு மட்டும்தான் என்பார்.

என் மனைவி படம் வரைவாள். ஃபோனில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். பூ, புறா, மலைக்கு நடுவில் சூரியன் எல்லாம் வரையமாட்டாள். "அதான் காலண்டர்ல கீதே" என்பாள். கண்ணால் பார்த்ததைத்தான் வரைவாள். அப்போது வரைந்துகொண்டிருந்தது எங்கள் மெயின் ரோடு ஸ்டாப். விடிகிற நேரம். யூனிஃபார்ம் போட்ட பெண் பிள்ளைகள் கழுத்தில் ஐ.டி. கார்டோடு கொட்டாவி விட்டுக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். கம்பெனி பஸ் வந்துவிட்டது. ஆனால் ஸ்டாப்புக்கு வரமுடியவில்லை. குறுக்கே ஒரு மாடு. ஓடிவந்து கையைக் காட்டினாலும் நிற்காத பஸ், மாட்டுக்கு நிற்கிறது. அந்தப் படத்தில் ஓரமாக நிற்கிற ஒருத்தி அவளேதான் என்று எனக்கு ஒரு சந்தேகம். கேட்டால் "இல்லியே" என்பாள்.

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கேன்வாஸை அரிசி டிரம்மில் சாய்த்து வைத்து, முதுகை வளைத்து வரைவாள். லைனில் நின்று நின்று ஏற்கெனவே போன முதுகு. வேலையை விட்டதே அதனால்தான். மாட்டை முடித்த மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை. டாக்டர் ஸ்கேன் படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, முதுகெலும்புக்கு நடுவில் ஒரு வட்டு வெளியே எட்டிப் பார்ப்பதாகச் சொன்னார். இனிமேல் தரையில் உட்காரக்கூடாது, குனியக்கூடாது.

வீட்டுக்கு வந்தவள் பிரஷ்களைக் கழுவினாள். பெயிண்ட் ட்யூப்களை ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கி மூடி என்னிடம் நீட்டினாள்.

"பரண் மேல போட்ரு."

"எதுக்கு?"

"ஒடம்பு செரியானதும் எறக்கலாம்."

எங்கள் பரணைப் பற்றிச் சொல்லவேண்டும். அதில் ஏறிய எதுவும் இறங்கியதில்லை. நான் உடம்பைத் தேற்றுவதற்காக வாங்கிய டம்பெல் அங்கே இருக்கிறது; உடம்பு இங்கே அப்படியே இருக்கிறது. அவளுடைய தையல் மெஷின், நான் வாசிக்கப்போவதாகச் சொல்லி வாங்கிய கீபோர்டு, எல்லாவற்றையும் "அப்புறமா எறக்கலாம்" என்று சொல்லித்தான் ஏற்றினோம். டின்னை நீட்டியபோது அவள் முகத்தை எங்கோ பார்த்த ஞாபகம். வேலையை விட்ட அன்று செக்யூரிட்டியிடம் ஐ.டி. கார்டைக் கழற்றிக் கொடுத்த முகம்.

டின் மேலே போனால் அவ்வளவுதான் என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருந்தது.

"வரயுறதுக்கு எதுக்குட்டி குனியணும்? நிமிந்து உக்காந்து வரயலாம். நான் ஒனக்கு ஒரு ஈசல் செஞ்சு தாரேன்" என்றேன். "ஒரே ஒரு ஞாயித்துக்கெழம."

"ஆன்லைன்லயே வருதுப்பா."

"டூல் ரூம்காரன் பொண்டாட்டி ஈசலை ஆன்லைன்ல வாங்குனான்னு நாளைக்கு ஒருத்தன் கேட்டுட்டா?"

"எவன் கேக்கப் போறான்?"

நியாயமான கேள்வி. விறைப்பாக நின்றேன். அவள் டின்னை ஃப்ரிட்ஜின் மேல் வைத்தாள். "ஞாயித்துக்கெழம வரிக்கும் இங்க. அப்புறம் பரணு" என்றாள்.

மரம் வாங்க ஒரகடம் ரோட்டில் ஒரு ஸ்கிராப் கடைக்குப் போனேன். கம்பெனிகளுக்கு வெளிநாட்டு மெஷின்கள் வருகிற மரப்பெட்டிகளை உடைத்து விற்கிற கடை. வெள்ளை வெளேரென்று பைன் பலகைகள்.

"இன்னா செய்யப் போற?" என்றார் கடைக்காரர்.

"ஈசல்ணே."

அவர் கையிலிருந்த டீ டம்ளர் கீழே இறங்கியது. "இன்னாது? என் மரத்துல ஈசலா?"

"இல்லண்ணே, ஈசல்…"

"எவன் சொன்னான்? எதிர்க்கடக்காரனா?" எழுந்துவந்து ஒரு பலகையைத் திருப்பினார். அதில் கருப்பாக ஒரு முத்திரை. "இத பாரு. கப்பல்ல ஏத்தறதுக்கு முன்னாடி சூடு காட்டின மரம். பூச்சி முட்டகூட இருக்காது. ஈசலாம் ஈசலு!"

"போர்டு ஸ்டாண்டு செய்யணும்ணே" என்றேன்.

"அத சொல்லு!"

அப்போதே நான் திருந்தியிருக்க வேண்டும்.

கீல், ஸ்க்ரூ எல்லாம் உள்ளூரிலேயே கிடைத்தது. கையாலேயே திருகுகிற மாதிரி இரண்டு காது வைத்த விங் நட்டு மட்டும் கிடைக்காமல் மறைமலை நகர் வரைக்கும் பைக்கில் போய் வாங்கிவந்தேன். கேன்வாஸ் உட்காருகிற தட்டை ஏற்றி இறக்க அது வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் கடை விரித்தேன். முதலில் டிராயிங் போட்டேன். மூன்று கோணத்தில் படம், ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் எவ்வளவு கூடலாம் குறையலாம் என்ற கணக்கு. காபி கொண்டுவந்தவள் அதை எடுத்துப் பார்த்தாள்.

"பிளஸ் ஆர் மைனஸ் பாயின்ட் ஒன்னா? யோவ் டூல் ரூம், இது மரம்யா. மழ பேஞ்சா ஊறும், வெயில் அடிச்சா காயும்."

"தொழில் பக்தி" என்றேன்.

"பக்தி இருக்கட்டும். மொதல்ல ரம்பத்த செரியா புடி, தலகீழ புடிச்சிகினு கீற."

மதியத்துக்குள் நாலு காலோடு எழுந்து நின்றது. பக்கத்துத் தெருக் கொத்தனாரிடம் இரவல் வாங்கிய ரசமட்டத்தைத் தட்டின்மேல் வைத்தேன். கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கிற நீர்க்குமிழி கொஞ்சம் ஓரமாகப் போனது. ஒரு காலைக் கொஞ்சம் சீவினேன். இன்னொரு காலைச் சீவினேன். குமிழி நட்டநடுவில் வந்து நின்றது. ஃபோட்டோ எடுத்து டூல் ரூம் குரூப்பில் போட்டேன். நாலு பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.

கீழே இறக்கி அறையில் நிறுத்தினேன். அவளைக் கூப்பிட்டேன். தாரை தப்பட்டைதான் பாக்கி. கேன்வாஸை எடுத்துத் தட்டில் வைத்து, கையை எடுத்தேன்.

ஈசல் கோயில் வாசலில் கும்பிடுகிறவனைப் போலப் பணிவாக முன்னால் குனிந்தது. கேன்வாஸ் வழுக்கிக்கொண்டு வந்து படம் இருந்த பக்கமாகத் தரையில் விழுந்தது. ஆயில் பெயிண்ட் லேசில் காயாது. தூக்கிப் பார்த்தேன். பெண் பிள்ளைகளும் பஸ்ஸும் தப்பித்துவிட்டார்கள். மாட்டுக்கு வால் இல்லை. வால் எங்கள் வீட்டு டைல்ஸில் இருந்தது.

அவள் அந்த வாலைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "மாடில வெச்சா மட்டம் பாத்த?"

"ஆமா. பக்காவா இருந்துச்சு."

"மாடிக்கு வாட்டம் வுட்ருப்பாங்கப்பா. இல்லன்னா மழத் தண்ணி எப்பிடி ஓடும்?"

வீடு கட்டுகிறவர்கள் மொட்டைமாடியைச் சாய்வாகத்தான் போடுவார்கள் என்பதும், அந்தச் சாய்வுக்கு வாட்டம் என்று பெயர் என்பதும் எனக்குத் தெரியாததல்ல. கோணல் தரையில் நின்று, ஈசலைத் துல்லியமாகக் கோணலாக்கியிருக்கிறேன். கம்பெனியில் இதைச் செய்திருந்தால் மீட்டிங் போட்டு வறுத்திருப்பார்கள். அவள் திட்டவில்லை. முகம் மட்டும் வாடிப்போனது. மாடி வாட்டத்தை நான் பார்க்கவில்லை. இந்த வாட்டத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

சரிசெய்கிறேன் என்று மறுபடி ரம்பத்தை எடுத்தேன். இந்தக் காலைச் சீவினால் அந்தக் கால் ஆடியது. அதைச் சீவினால் இது ஆடியது. சாயங்காலத்துக்குள் ஈசல் என் இடுப்புக்கு இறங்கிவிட்டது.

"இன்னும் ரெண்டு வாட்டி வெட்டினீனா சப்பாத்திப் பலக ஆயிடும்" என்றாள் அவள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொல்லிவிட்டு, ஃப்ரிட்ஜின் மேலிருந்த டின்னை எடுத்துப் பரணுக்கு நேர்கீழே ஒரு ஸ்டூலில் வைத்தாள். "என்னால ஏற முடியாது. நீயே போட்ரு."

"நாளைக்குப் போடுறேன்" என்றேன்.

வெளியே மாடிப்படியில் உட்கார்ந்து டூல் ரூம் நண்பனுக்கு ஃபோன் போட்டேன். கோவில்பட்டிக்காரன். கட்டைவிரல் காட்டிய நாலு பேரில் அவனும் ஒருத்தன்.

"ஈசல் சொதப்பிட்டுல" என்றேன். "மாடில இருந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. ரூமுக்குள்ள வந்ததும் புடிச்சது சனி. கால வெட்டி வெட்டிப் பாக்கேன், அடங்க மாட்டேங்கு. வீடு பூரா மரத்தூளு. ஓனரம்மாவுக்குத் தெரிஞ்சா காலி பண்ணச் சொல்லிரும்."

"ஈசல அரிசியோட சேத்து வறுத்துத் தின்னுல. அதுக்குப் போயி எதுக்குக் கால வெட்டுத?" என்றான் அவன். வாய்விட்டுச் சிரித்தேன். படிக்குக் கீழே குழாயடியில் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் அந்நேரம் நின்றிருக்க வேண்டும்.

மறுநாள் எனக்கு செகண்ட் ஷிஃப்ட். மெஷினில் ஒரு இரும்புத் துண்டை ஏற்றினேன். அதைத் தாங்குவதற்கு அடியில் மூன்று முளைகள் இருக்கும். எப்போதும் மூன்றுதான். மூன்று புள்ளியில் நிற்கிற எதுவும் ஆடாது. நாலாவது வைத்தால் ஏதாவது ஒன்று அந்தரத்தில் நிற்கும். வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லித்தருவது. தினமும் செய்வது. அந்த மூன்று முளைகளையும் நான் பார்த்தேன். அவையும் என்னைப் பார்த்தன. வெட்கமாக இருந்தது. வேறு யாரும் பார்க்கவில்லை என்பதால் உடனே சரியாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலையில் அவளை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தேன்.

"இன்னாத்துக்கு?"

"அளவெடுக்க. நிமிந்து உக்காரு."

முதல் டிராயிங்கில் எல்லா அளவுகளும் இருந்தன. வரைகிறவள் இல்லை. நான் நின்றுகொண்டு என் உயரத்துக்குப் போட்டிருந்தேன். முதுகு சாய்ந்து, கை முட்டி உடம்போடு ஒட்டி, பிரஷ் பிடிக்கிற மாதிரி கையை நீட்டச் சொன்னேன். நீட்டிய இடத்தில் பலகையை நிறுத்திப் பென்சிலால் கோடு போட்டேன். மூக்குக்கு நேராக இன்னொரு கோடு.

"மூக்குக்கு எதுக்குக் கோடு?"

"சும்மா."

"இதுக்குப் பிளஸ் ஆர் மைனஸ் கெடயாதா?"

மிச்சமிருந்த பலகையில் புதிதாகக் கால்கள் அறுத்தேன். முன்னால் இரண்டு, பின்னால் நடுவில் கீல் வைத்து ஒன்று. கடைசி ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டிருந்தபோது வீட்டுக்கார அம்மா வந்தார். முந்தானையை இழுத்துச் செருகியிருந்தார். ஒரு கையில் டப்பா, மறுகையில் பெயிண்ட் அடிக்கிற பிரஷ்.

"இன்னா தம்பி, வூட்ல ஈசலாமே?"

"ஆமாம்மா. உங்களுக்கு எப்படித் தெரியும்?" பெருமையாகத்தான் கேட்டேன்.

"மூடி மறைக்கலாம்னு பாத்தியா? எத்தினி நாளா கீது?"

"ஞாயித்துக்கெழமதாம்மா செஞ்சேன்."

"செஞ்சியா?"

"மொதல்ல நாலு காலு வச்சேன். சரியா வரல. இப்ப மூணு காலாக்கிட்டேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, "ஏம்மா, தம்பிக்கு ஒடம்பு கிடம்பு செரியில்லியா?" என்று என் மனைவியிடம் கேட்டார். பதில் வருவதற்குள் தரையில் கிடந்த மரத்தூள் அவர் கண்ணில் பட்டது. "ஐயோ! வூட்டையே தின்னுகினு கீது! கீழ தேக்குக் கதவு கீதுப்பா!" என்றபடி டப்பாவைத் திறந்து, பக்கத்தில் இருந்த காலில் மடமடவென்று பூச ஆரம்பித்தார். கரையான் மருந்து.

என் மனைவி ஓடிவந்தாள். "அம்மா, அம்மா, அது ஈசல் இல்லம்மா! ஈசல்!"

"நானும் அத்ததானே சொல்றேன்!"

"இது சூடு காட்டின மரம்மா, பூச்சி முட்டகூட இருக்காது" என்று நான் ஸ்கிராப் கடைக்காரராக மாறினேன். அவர் நம்பவில்லை. தட்டுக்குப் பக்கத்தில் கையைக் காட்டினார். "இது இன்னா?"

"விங் நட்டும்மா."

"அப்பிடின்னா?"

"றெக்க மாதிரி இருக்கும்ல, அதான்…"

"றெக்க வேற முளச்சிடுச்சா!"

அதற்குமேல் தமிழாலும் இங்கிலீஷாலும் ஆகாது என்று என் மனைவிக்குப் புரிந்துவிட்டது. உள்ளே போய் கேன்வாஸை எடுத்துவந்து அதன்மேல் வைத்தாள். விழுந்தால் பிடிக்க நான் கையை நீட்டினேன். ஈசல் கும்பிடவில்லை. ஆடவில்லை. பாறை மாதிரி நின்றது.

"படம் வரையற ஸ்டாண்டும்மா."

"அத சொல்ல வேண்டிதான!" என்று பிரஷ்ஷைக் கீழே போட்டார் அந்த அம்மா. அப்படியே படத்தைப் பார்த்தார். கிட்டே போனார். "இது நம்ம ஸ்டாப்பு… ஏய், இது நம்ம மாடு! அந்தக் கோணக் கொம்பப் பாரேன். தெனம் இப்பிடித்தான் போயி நடு ரோட்ல நின்னுக்கும்." விரலால் தொடாமல் காற்றிலேயே மாட்டைத் தடவினார். விரல் பின்பக்கம் வந்ததும் நின்றது. "வாலு எங்கம்மா?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். "அவரக் கேளுங்க."

"தம்பி, மாட்டு வால இன்னா பண்ண?"

"தரையில இருந்துச்சு. தொடச்சிட்டேம்மா."

"தொடச்சிட்டானாம்!" அவர் என்னைக் கைவிட்டுவிட்டு அவளிடம் திரும்பினார். "வாலில்லாம நின்னா பஸ்ஸுக்காரன் சிரிக்க மாட்டான்? வெச்சிடு கண்ணு."

அவள் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு ஈசலுக்கு முன்னால் உட்கார்ந்தாள். "யோவ் டூல் ரூம், டின்ன எட்த்தா" என்றாள். பரணுக்கு அடியில் ஸ்டூலில் இருந்த டின்னை நான் எடுத்த வேகத்தைப் பார்த்தால், அது கீழே விழப்போகிறது என்று நினைத்திருப்பீர்கள்.

"இன்னும் நீட்டு. நம்ம மாட்டுக்கு நீளம் ஜாஸ்தி. நுனில குஞ்சம் கருப்பு" என்று வீட்டுக்கார அம்மா பக்கத்தில் நின்று சூப்பர்வைசர் வேலை பார்த்தார். இரண்டு பேரும் வாலைப் பார்த்தார்கள். நான் அவளுடைய முதுகைப் பார்த்தேன். நேராக நாற்காலியில் சாய்ந்திருந்தது. கை ஒருமுறைகூட இடுப்புக்குப் போகவில்லை. அந்த முதுகை நான் எந்த ரசமட்டமும் வைத்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் குமிழி நட்டநடுவில் நின்றிருக்கும்.

டின் பரணுக்குப் போகவில்லை. அந்த இடத்தில் என் டிராயிங்கைச் சுருட்டிப் போட்டேன். அப்புறமாக இறக்கலாம்.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் மழை பெய்து ஓய்ந்தது. நான் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, பஸ் டிரைவரின் முகத்தில் கோபத்தை ஏற்றிக்கொண்டிருந்தாள். கீழேயிருந்து வீட்டுக்கார அம்மாவின் குரல் வந்தது.

"ஏம்மா! ஈசல் வந்துட்ச்சி, லைட்ட அமத்து!"

"எந்த ஈசல்மா?" என்று நான் கத்தினேன்.

"ஒன் தலமேல சுத்துது பாரு, அது!"

எழுந்துபோய் விளக்கை அணைப்பதற்குள் ஜன்னல் வழியாக ஒரு கூட்டம் உள்ளே வந்துவிட்டது. அதில் ஒன்று நேராகப் போய், ஈரமாக இருந்த படத்தில், மாட்டு வாலின் குஞ்சத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டது. துணியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"வுடு, இருக்கட்டும்."

"படம் கெட்டுரும்ட்டி."

"வாலு எதுக்கு வெச்சேன்? அது ஓட்டறதுக்கு ஒரு பூச்சி வேணாமா?"